மருந்துக்குக் கேட்ட நோய்

காசநோய்க்கு ஊசியையும் மாத்திரைகளையும் சேர்த்துக் கொடுத்து ஆராய்ந்துகொண்டிருந்த டாக்டர், மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்த பூலோகத்தின் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, பூலோகத்தின் மனைவி ஆறுமுகத்தாயிடம் சிரித்தார்.

"மருந்துக்கு நோய் கேட்டுருச்சும்மா. தைரியமா கூட்டிட்டுப் போங்க."

ஆறுமுகத்தாய்க்குச் சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லை. ரயிலில், புருஷனின் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல், அவர் தோளில் சாய்ந்து மெல்லச் சொன்னாள்.

"நம்ம வடிவு செத்துப் போயிட்டா. போன மாசம் காய்ச்சல் வந்து... நீங்க தாங்க மாட்டீங்கன்னு சொல்லாம இருந்துட்டேன்."

பூலோகம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே இருந்தார். கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை. பெற்ற மகளுக்கு அழாத மனுஷனும் உண்டா? அவளுக்கு உள்ளுக்குள் எல்லாம் மரத்துப்போயிற்று. மாட்டுங்காவில் இறங்கித் தாராவி வரை பேசாமலே நடந்தாள்.

வாசலில் நின்று பூலோகம் உற்சாகமாகக் குரல் கொடுத்தார்.

"ஏளா வடிவு! அப்பா வந்துட்டேன், ஓடியா!"

அக்கம்பக்கத்தார் வெளியே வந்து அவரையே பார்த்தார்கள். அவர் மனைவியிடம் திரும்பினார்.

"எல்லாரும் ஏன் இப்படிப் பாக்காங்க? எதுன்னாலும் சத்தமாச் சொல்லு. அந்த ஊசி என் காதை அடைச்சிட்டு. சொன்னா நிறுத்திருவாங்கன்னு டாக்டர்ட்ட மறைச்சிட்டேன்."

ரயிலில் முணுமுணுத்ததை ஆறுமுகத்தாய் இப்போது தெருவே கேட்கக் கத்த வேண்டியிருந்தது.