வியாழக்கிழமை யாருக்கு?

"இதுக்குப் பேரு கலையாடி? எங்க வீட்டுக் கோழி சேத்துல நடந்தாக்கூட இதைவிட நல்லா வரையும்" என்றாள் நோரீன், முதல் வரிசையில் உட்கார்ந்தபடி, ரகசியம் பேசுவதாக நினைத்துக்கொண்டு.

பக்கத்தில் இருந்த க்ளெனிஸ் பதில் சொல்லவில்லை. நோரீனுக்குப் பதில் தேவைப்படுவதும் இல்லை.

ஆஸ்திரேலியாவின் கூரம்பா ஊர் மன்றத்தின் தரை முழுக்க வெள்ளைத்தாள் விரித்திருந்தது. மெல்பர்னிலிருந்து புதிதாகக் குடிவந்த மார்லி, கணுக்காலிலும் முழங்கையிலும் கரித்துண்டுகளைக் கட்டிக்கொண்டு அதன்மேல் ஆடினாள். ஆடிய இடமெல்லாம் கோடு விழுந்தது. சுவரோர ஒலிபெருக்கிகளிலிருந்து கரகரவென்று ஒரு சத்தம்.

மன்றத்தில் வியாழக்கிழமை மாலை என்றால் அது பூட்ஸ் மாட்டிக்கொண்டு வரிசையாக நின்று ஆடும் நோரீனின் நடனக் குழுவுக்குத்தான். இப்போது அதே மாலையை மார்லியும் கேட்கிறாள். மன்றத் தலைவர் கிளைவ் யாரையும் பகைத்துக்கொள்ளாதவர். மார்லி ஒருமுறை ஆடிக் காட்டட்டும்; ஜனம் தேநீர் வரும்வரை உட்கார்ந்திருந்தால் வியாழன் அவளுக்கு, எழுந்து போனால் நோரீனுக்கே என்று தீர்ப்பை ஜனங்களின் கால்களிடம் விட்டுவிட்டார்.

ஆகவே நோரீன் முதல் ஆளாக வந்து நடு நாற்காலியைப் பிடித்திருந்தாள். ஆரம்பத்தில் மார்லி ஏதோ விளக்கினாள். அந்த நேரம் பார்த்து நோரீன், மார்லி துணி காயப்போடும் லட்சணத்தை க்ளெனிஸிடம் சொல்லிக்கொண்டிருந்ததால் காதில் விழவில்லை.

"சத்தத்தைக் கேட்டியா? தகர டப்பாவுல காக்கட்டூ கிளியை அடைச்சு உருட்டுற மாதிரி."

ஒலிபெருக்கிகள் இன்னும் பலமாகக் கரகரத்தன. மார்லி துள்ளிச் சுழன்றாள்.

"தலைமுடியைப் பாரு. சீப்புக்கும் அவளுக்கும் பேச்சுவார்த்தையே இல்லை போலிருக்கு."

மார்லி தரையில் புரண்டு பெரிய வளைவு ஒன்றை இழுத்தாள். பின்னால் யாரோ 'ஆகா' போட்டார்கள்.

நோரீன் பையிலிருந்து மிட்டாய் எடுத்து வாயில் அடக்கினாள். சத்தம் அடங்கியது. மார்லி ஒற்றைக்காலில் அப்படியே நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். கடைசி வரிசையில் இறைச்சிக்கடை கீத், தொப்பியைத் தேடி எடுத்துக்கொண்டு எழுந்தார். நோரீனுக்கு உள்ளே தேன் பாய்ந்தது.

"கிளம்பிட்டாங்கடி. வியாழக்கிழமை நம்மளுதுதான்" என்று மிட்டாயைக் கன்னத்தில் ஒதுக்கினாள். "இவளுக்குச் சரக்கு தீர்ந்துபோச்சு."

ஒலிபெருக்கிகள் உறுமின. மார்லி பாய்ந்தாள். கீத் உட்கார்ந்துவிட்டார்.

"மேல சொல்லு" என்றாள் க்ளெனிஸ், அன்று முதன்முறையாக. "அவ அம்மாவைப் பத்தி என்னமோ சொல்ல வந்தியே."

நோரீன் சொன்னாள். அம்மா, அம்மாவின் இரண்டாவது புருஷன், அவன் விற்ற ஓட்டை வண்டி என்று ஒன்றையும் விடவில்லை. அவள் கொதிக்கக் கொதிக்க ஆட்டமும் சூடு பிடித்தது. தேநீர் வரும்வரை ஒருவரும் அசையவில்லை.

எழுந்து நின்று கைதட்டினார்கள். கிளைவ் பெருமூச்சு விட்டு, வியாழக்கிழமை மார்லிக்கு என்று அறிவித்தார்.

மார்லி மூச்சு வாங்க நேரே வந்து, கரி படிந்த கைகளால் நோரீனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ரொம்ப நன்றிங்க. முதல் வரிசை நாற்காலிக்கு அடியில மைக் இருக்கு, நீங்க பேசுறதைத்தான் ஒலிபெருக்கி கரகர சத்தமா மாத்திக் குடுக்கும், சத்தம் வந்தாத்தான் ஆடுவேன்னு ஆரம்பத்துல சொன்னதும் மத்தவங்க கூச்சத்துல வாயே திறக்கலை. நீங்களும் சும்மா இருந்திருந்தா, நான் ஒத்தைக்கால்ல நின்னுட்டே வீட்டுக்குப் போயிருப்பேன்."