காய்ந்த கட்டை

கிரைண்டரைத் தொட்டதும் சுருக்கென்று ஷாக் அடித்ததால் பூரணி எலக்ட்ரீசியனை வரவழைத்தாள். அறுந்து கிடந்த எர்த் வயரை மாட்டிவிட்டுக் கிளம்பும்போது அவர் சொன்னார்: "யாருக்காவது ஷாக் அடிச்சா பதறிப்போய்த் தொட்டுறாதீங்கம்மா. முதல்ல மெயினை ஆஃப் பண்ணுங்க. முடியலைன்னா காய்ஞ்ச கட்டையால ஆளைத் தள்ளிவிடுங்க."

"எனக்கே அடிச்சா?"

"வீட்ல இருக்கிறவங்க தள்ளிவிடுவாங்க" என்றவர், ஷெல்ஃபில் இருந்த ஒற்றைத் தட்டைப் பார்த்துவிட்டு, பையின் ஜிப்பை இரண்டு முறை இழுத்து மூடினார்.

தரை துடைக்கும் பழைய மாப்பிலிருந்து மரக்கட்டையைக் கழற்றி, வெயிலில் காயவைத்து, மெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில் சாத்தி வைத்தாள். அங்கே இருந்துகொண்டு அது யாரைத் தள்ளப்போகிறது? ஹாலுக்கு மாற்றினாள். மறுநாள் வாசலுக்கு வெளியே வைத்தாள்.

"என்னக்கா, கட்டை வெளிய கெடக்கு?" என்று கேட்டாள் எதிர்வீட்டு நசீமா.

"இருக்கட்டும். உன் கைக்கு எட்டணும்ல."

நசீமாவுக்குப் புரியவில்லை. சிரித்துவிட்டு லிஃப்டுக்கு ஓடினாள்.

அன்றிலிருந்து கிரைண்டர் ஓடும்போது மட்டும் பூரணி கதவைத் தாழிடுவதில்லை. யார் வேண்டுமானாலும் தள்ளிக்கொண்டு உள்ளே வரலாம். ஆனால் ஒரு ஆளுக்கு எவ்வளவு மாவு வேண்டும்? சீக்கிரமே அரைபட்டுவிடும். அதை வழித்தெடுத்த பிறகு, வெறும் தண்ணீரை ஊற்றி, மறுபடி சுவிட்சைப் போட்டுவிட்டு, நாற்காலியைக் கதவைப் பார்க்கத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொள்வாள்.