ஆர்கானிக் க்ளோ

ஜாய்சுக்குச் சாயங்காலம் ஊரப்பாக்கம் மண்டபத்தில் ரிசப்ஷன். அந்த நேரம் பார்த்துத் தங்கச்சி சிநேகா வீட்டையே புரட்டிக்கொண்டிருந்தாள்.

"'ஆர்கானிக் க்ளோ'ன்னு எழுதின டப்பா, காலேஜ் லேப்லேர்ந்து எட்தாந்தது. யாரு எட்தீங்க?"

காசியம்மாள் மூத்தவளை முறைத்தாள். "நான் தொடவே இல்லம்மா" என்றாள் ஜாய்ஸ்.

"கல்யாண வூட்ல இன்னா க்ரீம் சண்டை?" ஏசுதாஸ் இரைந்தார். வீட்டில் பவுடர் வாங்கவே விடாத மனுஷன். "ஆண்டவர் குடுத்த மூஞ்சி பத்தலையா?"

"க்ரீம் இல்லப்பா, அது..." என்ற சிநேகாவை அவர் பேசவே விடவில்லை.

மேடையில் பாஸ்டர் ஜெபம் ஆரம்பித்ததும் கரண்ட் போனது. ஜெனரேட்டர்காரன் டீக்குப் போயிருந்தான். கும்மிருட்டில் ஒரே ஒரு முகம் மட்டும் பச்சைப் பசேலென்று ஜொலித்தது. நடுவில் மீசை மட்டும் கறுப்பு.

"ஸ்தோத்திரம்" என்று யாரோ முழங்கால் போட்டார்கள்.

"கெமிஸ்ட்ரி ஆர்கானிக்மா அது" என்று சிநேகா முணுமுணுத்தாள். "வெளிச்சத்தைக் குடிச்சி வெச்சிகினு இருட்டுல வுடும். நாங்க லேப்ல செஞ்சது."

காசியம்மாள் புருஷன் காதருகே குனிந்தாள்.

"இன்னாங்க, பூசினதுதான் பூசினீங்க, கழுத்துக்கும் கொஞ்சம் பூசியிருக்கக் கூடாதா? தலை மட்டும் அந்தரத்துல தொங்குது."