ஞாயிற்றுக்கிழமை பியட்

"நீ விக்கிறது பெட்ரோலா, கிணத்துத் தண்ணியா?"

கிளாட்வின் அந்த மாம்பழ ஜூஸ் பாட்டிலை வைத்த வேகத்தில் மேஜை அதிர்ந்தது. பாட்டிலில் இருந்தது ஜூஸ் இல்லை. அவன் அப்பாவின் பழைய பியட் கார் டேங்கிலிருந்து காலையில் மெக்கானிக் இறக்கியது. மேலே பெட்ரோல், அடியில் விரல்கடை உயரத்துக்குக் கலங்கலாக வேறொன்று.

சித்தூரில், வேலூர் ரோட்டில் பங்க் நடத்தும் வெங்கடலட்சுமி அதைத் தூக்கிப் பார்த்தாள். "கத்தாம பேசுங்க சார். கஸ்டமருங்க நிக்கிறாங்க."

"நிக்கட்டும். அவங்களுக்கும் தெரியட்டும்," என்றார் இயேசுதாசன். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். கோபத்திலும் மகனின் தோளை அழுத்திப் பிடித்திருந்தார். "எனக்குக் கல்யாணமான வருஷம் வாங்கின வண்டி. இன்னைக்கு வீட்டு கேட்டையே தாண்டலை. திருப்பதில எம் பொண்ணு சமைச்சு வெச்சிக்கினு காத்துக்கினு இருக்குது."

"ஐயா, இப்ப எல்லா பங்க்லயும் எத்தனால் கலந்துதான் வருது. நான் கலக்கறதில்லை."

"அமெரிக்காவில இப்படி வித்தா உள்ள தூக்கிப் போடுவான்," என்றான் கிளாட்வின்.

"அங்கயும் எத்தனால்தான் கலக்கறான் சார். போன்ல தேடிப் பாருங்க." அவள் பாட்டிலை மேஜையில் வைத்தாள். "எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஓடிக்கினே இருக்கிற வண்டின்னா எரிஞ்சு போயிடும். மழைக்காலம் பூரா நிறுத்தி வெச்சா தண்ணியைச் சேத்துக்கினு அடியில இறங்கிடும். உங்க வண்டி நின்னு எத்தனை மாசமாச்சு?"

கிளாட்வினுக்கு எரிச்சலில் சிரிப்பு வந்தது.

"வாராவாரம் சர்ச்சுக்கு ஓட்டிக்கினு போறாரும்மா. ஞாயித்துக்கிழமை நியூஜெர்சில இருந்து நான் போன் பண்ணா, 'இப்பத்தான் காரை நிறுத்தினேன்'னு சொல்வார். எங்கம்மா அடக்கத்தன்னைக்கு எங்களுக்குள்ள ஒரு பேச்சு. காரோட்டற வரைக்கும் அவர் தன் வீட்ல தனியா இருக்கலாம். முடியாத அன்னைக்கு பெங்களூர்ல நான் பாத்து வெச்ச முதியோர் இல்லத்துக்குப் போயிடணும். நேத்து வந்து இறங்கினேன், இன்னைக்கு வண்டி படுத்துக்கிச்சு. உன் தண்ணி அவரை வீட்டை விட்டே கிளப்பிடும் போலிருக்கு."

"போன வாரம்கூட இங்கதான் போட்டேன்," என்றார் இயேசுதாசன்.

"அந்த வெள்ளை பியட்டா? நான் தினம் இங்கதான் உக்காந்துகினு இருக்கேன். கிறிஸ்துமஸுக்கு அப்புறம் அது இந்தப் பக்கமே வரலை."

"பொய். மாட்டிக்கிட்ட பங்க்காரி வேற என்ன சொல்வா? கிளாட்வின், வெளியில நிக்கிற ஆட்டோக்காரனைக் கலெக்டர் ஆபீசுக்கு விடச் சொல்லுடா. இவகிட்ட என்ன பேச்சு?"

வெங்கடலட்சுமிக்கும் சூடு ஏறியது.

"போங்க, யாரு வேணாம்னாங்க? போறதுக்கு முன்னாடி இதையும் பாத்துட்டுப் போங்க."

மேஜைக்கடியிலிருந்து அதே மாதிரி காலி ஜூஸ் பாட்டில் ஒன்றை எடுத்தாள். பம்புக்குப் போய்ப் பெட்ரோல் பிடித்து வந்து, முதல் பாட்டிலின் பக்கத்தில் வைத்தாள். அடிவரைக்கும் ஒரே நிறம், தூசுகூட இல்லை.

"எங்க இருக்குது தண்ணி? காட்டுங்க பாக்கலாம்."

கிளாட்வின் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான்.

"நான் காட்டறேன்," என்று இயேசுதாசன் மேஜையிலிருந்த பாட்டிலை எடுத்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். "இதோ நிக்குது பாரு, அடியில விரல்கடை தண்ணி. கண்ணு அவிஞ்சா போச்சு உனக்கு?"

அவர் கையில் இருந்தது, அவள் இப்போதுதான் பிடித்து வந்த பாட்டில்.