ஒரு பல் தள்ளி

"என்ன மாமா, இன்னைக்காவது கிளம்பிடுவோமா?" என்று கேட்டுவிட்டு மாப்பிள்ளை மறுபடியும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டு நிற்கிறாரே மனுஷன் என்று மெக்கானிக் மாமனாருக்கு உள்ளுக்குள் பொருமியது. ஒரே பெண்ணைக் கட்டிக்கொண்டு, வேலை மாற்றல் என்று கண்காணாத ஊருக்குக் கூட்டிப்போகிறார். அதுவும் மாமனார் பிரித்துப் பூட்டிய வேனிலேயே. நல்ல கூத்து!

"இதோ முடிஞ்சுது மாப்பிள்ளை. ஒருதரம் ஸ்டார்ட் பண்ணிப் பாத்துட்டா போதும்." மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்காமல் அவர் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

விஷயம் இதுதான். எஞ்சின் வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாப்டைப் பூட்டும்போது, அதன் பல்சக்கரத்தில் இருக்கும் கோடும் எஞ்சினில் இருக்கும் கோடும் நேருக்கு நேர் நிற்க வேண்டும். நேற்று அவர் வேண்டுமென்றே ஒரு பல் தள்ளி வைத்து பெல்ட்டை மாட்டிவிட்டார். ஒரு பல் தள்ளினாலும் எஞ்சின் ஓடும். ஆனால் குலுங்கும், இருமும், மேடு ஏறாது. "அடடா, மறுபடி பிரிக்கணுமே, நாலு நாள் ஆகும்" என்று உதட்டைப் பிதுக்கினால் பெண் இன்னும் நாலு நாள் கூட இருப்பாள்.

எவன் வண்டிக்கும் செய்யாத துரோகத்தைப் பெற்ற பெண்ணின் வண்டிக்குச் செய்துவிட்டு, காலையில் காபிகூட இறங்கவில்லை அவருக்கு.

"மாப்பிள்ளை, சாப்பிட்டுட்டுப் போங்க!" என்று உள்ளிருந்து மாமியார் குரல் கொடுத்தாள். ஹாஸ்டல் சாப்பாட்டில் வளர்ந்தவர், வந்த நாளிலிருந்து அவள் கைச் சமையலைத் தட்டை வழித்துச் சாப்பிடுகிறார்.

"வரேன் அத்தை!" பானெட்டை எங்கே திறப்பது என்றுகூடத் தெரியாத மாப்பிள்ளையின் சட்டைக் கையில் கறுப்பாக கிரீஸ். பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தால் ஒட்டாமல் என்ன செய்யும்?

மெக்கானிக் சாவியைத் திருப்பினார். செல்ப் மோட்டார் சுற்றியது. எஞ்சின் பிடிக்கவில்லை. மறுபடி திருப்பினார். மூச்சுப் பேச்சில்லை.

ஒரு பல்லுக்கு இருமத்தானே செய்யும், இப்படிப் பிணமாகவா கிடக்கும்? ஐயோ, எஞ்சினையே கொன்றுவிட்டேனா!

வாசலுக்கு வந்த பெண் சிரித்தாள். "என்னப்பா அதிசயமா இருக்கு? நீங்க கை வச்ச வண்டி மக்கர் பண்ணி நான் பாத்ததே இல்லையே!"

அது அவரைச் சுட்டது. அவள் உள்ளே போனதும் மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மாப்பிள்ளை, என்னை மன்னிச்சிடுங்க. நான் பண்ணின வேலைதான் இது. அவளை அனுப்ப மனசு வரல. இன்னும் நாலு நாள் கூட வச்சுக்கலாம்னு கேம்ஷாப்டை ஒரு பல் தள்ளி வச்சுட்டேன். எஞ்சின் போயிருந்தா என் செலவு. என்னை என்ன வேணும்னாலும் திட்டுங்க."

மாப்பிள்ளை திட்டவில்லை. வீட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு பேன்ட் பாக்கெட்டிலிருந்து ஒரு சின்னப் பொருளை எடுத்து மாமனாரின் உள்ளங்கையில் வைத்தார். எஞ்சினுக்குப் பெட்ரோல் ஏற்றும் பம்பின் ப்யூஸ்.

"போன்ல வீடியோ பாத்து, காலைல நான்தான் கழட்டினேன். அத்தை கைச் சமையலுக்கு நாலு நாள் பத்தாது மாமா, இன்னொரு பல் தள்ளி வைங்க!"