கோணல் தேதி

தனக்கொடி வேனில் ஏறி உட்கார்ந்ததும், பக்கத்து சீட்டில் இருந்த மகாலட்சுமி டிபன் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போய்விட்டாள்.

"நல்லா தாராளமா குந்துக்கா. உன் பக்கத்துல இனிமே யாரும் வரமாட்டாங்க" என்றாள் போகிற போக்கில்.

வேனில் தனக்கொடியோடு சேர்த்துப் பதினோரு பெண்கள். எல்லாருக்கும் திருவாண்டார்கோயில் பக்கம் ஒரு சத்துமாவு கம்பெனியில் பேக்கிங் வேலை. வேலை விட்டு பாகூர் பக்கத்து ஊர்களுக்குத் திரும்புகிற வண்டி இது. வேலை என்று பேர்தான், முந்தாநாள் அதிகாரிகள் வந்து குடோனைப் பூட்டியதிலிருந்து சும்மா உட்கார்ந்துவிட்டு வருகிறார்கள்.

யாரோ போன் பண்ணிச் சொல்லியிருக்கிறார்கள். தேதி முடிந்து திரும்பி வருகிற பாக்கெட்டைப் பெயின்ட் தின்னர் போட்டுத் துடைத்து, புதுத் தேதி குத்தி, மறுபடியும் கடைக்கு அனுப்புகிறார்கள் என்று.

சொன்னது பொய்யில்லை. துடைத்ததும் குத்தியதும் இந்தப் பதினோரு பேர்தான்.

செல்வகுமாரி பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தாள். அவள்தான் லைன் லீடர். காகிதத்தை மேனேஜர் ராஜ்மோகன் டைப் அடித்தே கொடுத்திருந்தார். கம்பெனியில் அப்படி எதுவும் நடக்கவில்லையாம். லீவு கொடுக்காத கோபத்தில் தனக்கொடியே நாலு பாக்கெட்டில் தேதியை மாற்றி, தானே போட்டோ எடுத்து அனுப்பிவிட்டாளாம். மற்ற பத்து பேரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் குடோன் திங்கட்கிழமை திறந்துவிடும். தனக்கொடிக்கு வேலை போகும், போலீஸ் கேஸும் வரும்.

"நாளைக்குக் காலையில குடுக்கணும், சீக்கிரம் போடுங்கடி."

காகிதம் தனக்கொடியின் தலைக்கு மேலேயே முன்னும் பின்னும் போனது.

"படிச்சிட்டாவது போடுங்கடி" என்றாள் தனக்கொடி, திரும்பாமல்.

"எல்லாம் படிச்சாச்சு. நீதானே போன் பண்ண?" என்றாள் செல்வகுமாரி.

"ஆமா. நான்தான்."

இப்படி சட்டென்று ஒத்துக்கொள்வாள் என்று யாரும் நினைக்கவில்லை. டிரைவர்கூட பாட்டைக் குறைத்தார்.

செல்வகுமாரிக்குத்தான் தாங்கவில்லை.

"உனக்கு இன்னாக்கா. புள்ளையா குட்டியா? ஒத்த வயிறு. எங்க வூட்ல சின்னதுங்க இருக்கு. குடோனைப் பூட்டிட்டாங்களே, இப்ப மனசு குளுந்துச்சா?"

"குடோனைப் பூட்டினா ஆச்சா? கடைக்குப் போனது போனதுதானேடி."

"அதுக்கு நாங்க இன்னா பண்ண முடியும்?"

முன்னால் ஒரு கரும்பு லாரி வழிவிடாமல் போய்க்கொண்டிருந்தது. தனக்கொடி அதையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

டிபன் மூடியை அடியில் வைத்து, பள்ளத்தில் விழுந்து எழுந்து போகிற வண்டியில் ஒன்பது பேர் கையெழுத்துப் போட்டார்கள்.

"இன்னாடி இது, எல்லாம் இப்படிக் கோணிக்கினு கிடக்குது" என்றாள் செல்வகுமாரி.

"எங்க, நீ நேரா போட்டுக் காட்டு" என்றாள் மகாலட்சுமி.

"நான் வூட்டுக்குப் போயிப் போட்டுக்கறேன்." காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

தனக்கொடியும் செல்வகுமாரியும் குருவிநத்தத்தில் ஒரே இடத்தில்தான் இறங்க வேண்டும். தனக்கொடி விடுவிடுவென்று நடந்து தெருவுக்குள் போய்விட்டாள். செல்வகுமாரி, சிங்காரவேலு மளிகைக் கடையில் நின்றாள். ஒன்றரை வயது மகள் சுவேதாவுக்குச் சத்துமாவு தீர்ந்து இரண்டு நாளாகிறது.

அவள் வாங்குவதும் சொந்தக் கம்பெனி மாவைத்தான். மாவு நல்ல மாவு, பார்த்து வாங்கத் தெரிந்தால் போதும். மிஷின் குத்திய தேதி நூல் பிடித்த மாதிரி நேராக இருக்கும். துடைத்துவிட்டுக் கையால் குத்தினது, எத்தனை கவனமாகக் குத்தினாலும், ஒரு பக்கம் சாய்ந்துவிடும். சாய்ந்திருந்தால் தள்ளி வைத்துவிட்டு அடுத்ததை எடுக்க வேண்டியதுதான். பேக்கிங்கில் இருக்கிற எல்லாருக்கும் இது தெரியும். கடைக்காரருக்குத் தெரியாது.

செல்வகுமாரி ஒரு பாக்கெட்டைத் திருப்பினாள். நேர். இன்னொன்றைத் திருப்பினாள். அதுவும் நேர்.

"திருப்பவே வேணாம்மா" என்றார் சிங்காரவேலு. "கோணலா தேதி போட்டது ஒண்ணுகூட இல்ல."

அவள் கை அப்படியே நின்றது. "இன்னாண்ணே சொல்றீங்க?"

"நானும் பாத்துக்கினுதானே இருக்கேன். நீ வர்றப்பல்லாம் கோணலா இருக்கறதைத் தள்ளி வச்சிட்டு, நேரா இருக்கறதா பாத்து எடுத்துக்கினு போவ. நீ தள்ளினதை அடுத்து வர்றவங்க வாங்கிக்கினு போவாங்க. நேத்து உங்க கம்பெனி தனக்கொடி வந்துச்சு. அது அப்படியே தலைகீழா பண்ணுது. நேரா இருக்கறதைத் தள்ளிட்டு, கோணலெல்லாம் பொறுக்கி எடுத்து, மொத்தம் பதினாலு, அத்தனையும் காசு குடுத்து வாங்கிக்கினு போச்சு. கோயில்கிட்ட இருக்கற கடையிலயும் அப்படித்தானாம்."

பர்ஸை எடுக்கப் பைக்குள் கை விட்டாள் செல்வகுமாரி. மடித்து வைத்த காகிதம்தான் முதலில் தட்டுப்பட்டது.

"நானும் யோசிச்சு யோசிச்சுப் பாக்கறேன், புரியல" என்றார் சிங்காரவேலு. "நீயே சொல்லும்மா, புள்ளையில்லாத வூட்டுக்கு எதுக்குச் சத்துமாவு பதினாலு பாக்கெட்டு?"