கண்டிப்பானவர்

“அப்பா வீட்ல ரொம்ப கண்டிப்பான்னு புள்ளகிட்ட கேளுங்க எல்ஸி,” என்றார் டாக்டர் தனேஸ்வரன். தமிழில்தான் சொன்னார். முகத்தில் சிரிப்பு மாறவில்லை.

ஈப்போவில் இருந்த அந்த கிளினிக்கில் ஸ்பானிஷ் தெரிந்தவள் எல்ஸி ஒருத்திதான். பதிவு மேசையில் வேலை. அதற்கு முன் ஐந்து வருடம் சுற்றுலாக் கப்பலில் இருந்தபோது, கூட வேலை செய்தவர்களிடம் பழகிக்கொண்ட மொழி.

கட்டிலில், சுற்றுலா வந்த ஸ்பானிஷ் குடும்பத்தின் ஏழு வயது மகள் லூசியா உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு ஸ்பானிஷ் மட்டும்தான் தெரியும். ஹோட்டல் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாளாம்.

வழுக்கி விழுந்தால் மேற்கையில் ஐந்து விரல் தடமும் பதியாது.

அம்மா மகளின் தலையை வருடிக்கொண்டிருந்தாள். அப்பா சுவரோரம் நின்றார். ஆறடிக்கு மேல் இருப்பார். வந்ததிலிருந்து வாயே திறக்கவில்லை.

தமிழ் அவர்களுக்குப் புரியாது. எல்ஸி ஸ்பானிஷில் கேட்கப்போவது அத்தனையும் புரியும்.

எந்தச் சொல்லைப் போட்டுக் கேட்பது?

‘எஸ்த்ரிக்தோ’ என்று கேட்கலாம். விதிமுறை பார்க்கிறவர். எந்தப் பிள்ளையும் ஆமாம் என்று தலையாட்டிவிடும். ‘எக்ஸிஹெந்தே’ என்றும் கேட்கலாம். மார்க் குறைந்தால் முகம் சுளிக்கிறவர். இரண்டில் எதைக் கேட்டாலும் யாருக்கும் கோபம் வராது. அவளும் மேசைக்குத் திரும்பிப் போய்விடலாம்.

இன்னொரு சொல் இருந்தது. ‘செவேரோ.’ இரக்கம் பார்க்காமல் தண்டிக்கிறவர். கப்பலில் ஒரு கொலம்பியாக்காரி தன் புருஷனைப் பற்றி ஒரே ஒரு தடவை அப்படிச் சொன்னாள். சொன்ன கையோடு கழிவறைக்குள் போய்த் தாளிட்டுக்கொண்டாள்.

சுவரோரம் நின்றவர் அசைந்தார்.

எல்ஸி குனிந்து, குழந்தையின் கண்ணைப் பார்த்து, அப்பா உன்னிடம் செவேரோவா என்று கேட்டேவிட்டாள்.

லூசியா உதட்டை மட்டும் அசைத்தாள்.

“செவேரா.”

பிள்ளை சரியாக உச்சரிக்கவில்லையோ என்று எல்ஸி முதலில் நினைத்தாள். தாய்மொழியில் எந்தப் பிள்ளை தடுமாறும்?

ஆண் என்றால் செவேரோ. செவேரா என்றால் பெண்.

கூந்தலில் இருந்த அம்மாவின் கை ஒரு கணம் நின்றது. பிறகு முன்பைவிட மெதுவாக வருடத் தொடங்கியது.

எல்ஸி நிமிரவில்லை. காய்ச்சல் அளவைச் சொல்வதுபோலச் சொன்னாள்: “டாக்டர், அப்பா இல்ல, அம்மாதான். மொகத்த மாத்தாதீங்க. எக்ஸ்ரே எடுக்கணும்னு சொல்லுங்க, நான் மட்டும் கூட்டிட்டு போறேன்.”

எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்று டாக்டர் பெற்றோரிடம் ஆங்கிலத்தில் சொன்னார். எல்ஸி குழந்தையை இறக்கிவிட்டாள். தானும் வருவதாகச் சொல்லி அம்மா ஓரடி வைத்தாள்.

அப்போதுதான் அந்த மனிதர் சுவரை விட்டு வந்து, மனைவிக்கும் மகளுக்கும் நடுவில் நின்றுகொண்டார்.

எல்ஸி அவரைக் கடந்தபோது கவனித்தாள். அவ்வளவு பெரிய ஆளுக்குக் கால்கள் இரண்டும் நடுங்கிக்கொண்டிருந்தன.